அடுப்புப் புகையும் மறதி நோயும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் குளிர் கூடிய மாதங்களில் வீட்டில் வயதானவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. அது அடுப்படி. பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் அமர்ந்து விறகைத் தள்ளிக்கொடுப்பார். மடியில் பேரப்பிள்ளை கிடக்கும். மரியாதையான இடம், சூடு கிடைக்கும் இடம். ஆனால் வீட்டுப் புகையில் பெரும்பங்கு போய்ச் சேர்வதும் அந்த இடத்துக்குத்தான். புகையால் இருமல் வரும், கண் எரியும் என்பது எல்லோரும் அறிந்தது. அது மூளைக்கும் போகிறதா? வயதான காலத்தில் வரும் மறதி நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இக்கேள்வியைத்தான் இன்று பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் கையில் எடுத்துள்ளன.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைநாடு முழுவதும் மண் சரிந்தது. லயத்தையும், லீக்ஸும் கரட்டும் போட்ட பாத்திகளையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு வீடு என்பது இனி புதிதாகக் கட்டப்பட வேண்டிய ஒன்று. எத்தனை பேர்ச்சஸ் காணி, எத்தனை அறை என்றெல்லாம் பேசுகிறோம். அடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். டிமென்ஷியா என்று வைத்தியர்கள் அழைப்பதை எம்மவர்கள் "புத்தி தடுமாறிவிட்டது" என்பார்கள். யாழ்ப்பாணத்தார் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். எல்லா மறதியும் இந்நோய் அல்ல. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி. சாவி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது நோயின் அறிகுறி. ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியான ஆய்வு, அவர்களில் 28 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அதாவது நூறு பேரில் நான்கு பேர்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒன்றைக் காண்கிறோம். லயத்தில் இருக்கும்வரை தாத்தா நன்றாகத்தான் இருந்தார், முகாமுக்கு வந்த அதிர்ச்சியில் புத்தி மாறிவிட்டது என்பார்கள். அதிர்ச்சியும் ஒரு காரணமாகலாம். ஆனால் பல வேளைகளில் நோய் முன்பே தொடங்கியிருக்கும். நாற்பது வருடம் நடந்த பாதையில் கால் தானாகவே போகும். பீலிக்கும் கடைக்கும் போய்வர நினைவு அதிகம் தேவைப்படாது. பழகிய இடம் நோயை மறைத்து வைத்திருக்கும். புதிய இடத்தில் மலசலகூடம் எந்தப் பக்கம் என்று புதிதாகக் கற்க வேண்டிவரும்போதுதான் அது வெளியே தெரிகிறது. இதைப் பேய் என்றோ சாபம் என்றோ எண்ணிச் செலவு செய்யாமல், வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டுவதே நல்லது. சில மறதிகளுக்கு தைரொயிட் குறைபாடு, விற்றமின் குறைபாடு போன்ற மாற்றக்கூடிய காரணங்களும் இருக்கின்றன.

மெக்சிக்கோ நகரத்து நாய்கள்

புகையும் மறதியும் தொடர்புடையவை என்ற சந்தேகத்தை வலுவாகக் கிளப்பியவர் மெக்சிக்கோவைச் சேர்ந்த வைத்தியர் லிலியன் கால்டெரோன் கார்சிடுவேன்யஸ். மெக்சிக்கோ நகரம் மலைகளால் சூழப்பட்ட ஒரு கிண்ணம் போன்றது. வாகனப் புகை வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும். புகை அதிகமான பகுதிகளில் வாழ்ந்த கிழட்டு நாய்கள் வழி தடுமாறுவதையும், வளர்த்தவரையே அடையாளம் தெரியாமல் நிற்பதையும் அவர் கவனித்தார். அவை இறந்தபின் மூளைகளைப் பரிசோதித்து, காற்றுச் சுத்தமான ஊர் நாய்களின் மூளைகளோடு ஒப்பிட்டார். அல்சைமர் நோயாளரின் மூளையில் படியும் அதே அமிலொயிட் என்னும் புரதம் நகரத்து நாய்களில் கூடுதலாக இருந்தது. 2002 முதல் இவை வெளியாயின. நாய் சிகரெட் குடிப்பதில்லை, சாராயமும் குடிப்பதில்லை. அதனால் இச்சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

புகை மூளைக்குள் எப்படிப் போகும்? கண்ணுக்குத் தெரியும் கரியும் சாம்பலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்களை பி.எம். 2.5 என்பார்கள். தலைமுடி ஒன்றின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இவை நுரையீரலின் அடிவரை போகின்றன. அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்தில் கலக்கின்றன. மூக்கிலிருந்து மூளைக்கு நேரே போகும் மணநரம்பு வழியும் ஒன்று இருக்கிறது.

2016இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்பரா மாஹர் குழுவினர், மெக்சிக்கோ நகரிலும் மன்செஸ்டரிலும் இறந்த 37 பேரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தார்கள். மக்னடைற் என்ற இரும்புத் துகள்கள் கிடைத்தன. உடல் தானாக உண்டாக்கும் மக்னடைற் கூர்முனைப் படிகமாக இருக்கும். இவர்கள் கண்டவற்றில் பெரும்பாலானவை உருண்டை வடிவம். கடும் வெப்பத்தில் உருகி ஆறியவைதான் அப்படி உருண்டையாகும். அவை வெளிக்காற்றிலிருந்து வந்தவை என்பதற்கு வடிவமே சாட்சியாயிற்று. துகள் மூளையில் இருக்கிறது என்பது வேறு, அதுதான் நோயைத் தந்தது என்பது வேறு. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதுதான் ஆய்வுகூடப் பணி.

லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் அப்படிப்பட்ட பணி நடக்கிறது. அங்குள்ள சார்ல்ஸ் ஸ்வான்ரன் குழுவினர் 2023இல் புகைபிடிக்காதவருக்கு வரும் நுரையீரல் புற்றுநோய் பற்றி ஒரு முக்கிய விடயத்தைக் காட்டினார்கள். நுண்துகள் உயிரணுவில் புதிதாகப் பழுதை உண்டாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பழுதாகி உறங்கிக் கிடக்கும் உயிரணுவை, அழற்சி மூலம் தட்டி எழுப்பிவிட்டாலே போதும். மூளையிலும் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று இப்போது பார்க்கிறார்கள். இதில் ஈடுபட்டவர்களில் ஒருவர் நரம்பியல் வைத்தியர் சோனியா காந்தி. பெயர் ஒற்றுமைதான், அரசியல்வாதி அல்லர்.

அந்த ஆய்வாளரின் அன்றாட வேலை நாம் நாற்றுமேடை பார்க்கும் வேலைக்கு ஒத்தது. உயிருள்ள மனிதரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. எனவே ஒருவரின் தோல் உயிரணுக்களை எடுத்து, அவற்றை எதுவாகவும் வளரக்கூடிய இளம் நிலைக்குத் திருப்பி, பிறகு நரம்பு உயிரணுவாக வளர்க்கிறார்கள். இவ்வழியைக் கண்டவர் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா. 2012இல் நோபல் பரிசு பெற்றார். உடல்சூடு அளவுக்கு, 37 பாகை வெப்பத்தில் பெட்டிக்குள் அவை வளரும். தவறாமல் உணவுநீர் மாற்ற வேண்டும். ஒரு துளி அழுக்குப் பட்டால் பல வாரப் பயிர் போய்விடும். வளர்ந்த உயிரணுக்களில் பாதிக்குப் புகைத்துகளைக் கொடுத்து, பாதியை அப்படியே விடுவார்கள். மூளையில் குப்பை பொறுக்கும் காவல் உயிரணுக்கள் உண்டு. அவை துகளைக் கண்டு கோபமுற்று அழற்சியைக் கிளப்புகின்றனவா, தம் காவல் வேலையை விட்டு நல்ல நரம்பையே தாக்குகின்றனவா, புரதங்கள் திரண்டு கட்டியாகின்றனவா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், நுண்துகளைச் சுவாசித்த எலிகளின் மூளையில் லூயி பொடி வகை மறதி நோய்க்குரிய புரதக் கட்டிகள் தோன்றின. அப்புரதம் இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட எலிகளுக்கு அந்தக் கேடு வரவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, மக்களை எண்ணிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. விறகு அடுப்பில் சமைத்த பெண்களுக்கு நினைவாற்றல் குறைவாக இருப்பதை இந்தியாவில் முதியோரிடையே நடந்த கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. ஆனால் விறகில் சமைப்பவர் யார்? வறியவர், பள்ளிக்கூடம் போக முடியாதவர், இரத்த அழுத்தத்துக்கு மருந்து ஒழுங்காகக் கிடைக்காதவர். இவை ஒவ்வொன்றும் மறதி நோயைக் கூட்டுபவை. எது புகையின் வேலை, எது வறுமையின் வேலை என்று பிரித்தறிய ஆய்வுகூடம் தேவைப்படுகிறது.

அவசரமாக வாக்குறுதி கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணித் தாய்மாரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. தமிழ்நாட்டில் இதை நடத்தியவர்கள் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர். பாதிப்பேருக்கு காஸ் அடுப்பும் காஸும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. குழந்தையின் பிறப்பு நிறை கூடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தபோது, சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. புகை நல்லது என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரு கேட்டை நீக்கினால் எந்த நன்மை, எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்றே பொருள்.

மறதி நோய் விடயத்தில் சான்று ஒரு பக்கமாகவே சாய்ந்து வருகிறது. பிரித்தானிய அரசின் ஆலோசனைக் குழு ஏறக்குறைய 70 ஆய்வுகளைப் பரிசீலித்து, காற்று மாசு மறதி நோய்க்குப் பங்களிப்பது சாத்தியமே என்று 2022இல் கூறியது. லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு, தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசை 2020இல் சேர்த்தது. 2024இல் இப்பட்டியலில் 14 காரணங்கள் இருந்தன. அமெரிக்காவில் முதிய பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, காற்றுச் சுத்தமாகிய ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்நோய் குறைவாக வந்தது. எமக்கு மிகவும் ஆறுதல் தருவது இதுதான். வயது போன பிறகும் புகையைக் குறைப்பதில் பயன் இருக்கலாம்.

எமது அடுப்படி

லண்டன் ஆய்வாளர் அஞ்சுவது பெரும்பாலும் வாகனப் புகைக்கு. எமது புகை பச்சை விறகிலிருந்தும் கவ்வாத்து மிலாறிலிருந்தும் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவுப்படி, ஒரு நாளின் சராசரியில் ஒரு கன மீற்றர் காற்றில் நுண்துகள் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. சன்னல் இல்லாத விறகடுப்பு அறையில் சமையல் நேரத்தில் அது பல நூறாக ஏறுவது சாதாரணம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், பின்னால் ஒரு சிறு ஒடுக்கில் அடுப்பு என்றால் புகை எங்கே போகும்?

தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். அங்கும் விறகுதான் எரிகிறது. ஆனால் கொழுந்தில் புகைநாற்றம் பட்டால் தேயிலை விலைபோகாது என்பதால், அடுப்பின் வெப்பத்தை மட்டும் குழாய்கள் வழியே காற்றுக்கு ஏற்றி, புகையை உயர்ந்த புகைக்கூட்டால் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். தேயிலைக்குச் செய்த இந்த ஏற்பாட்டைப் பல லயங்களில் மனிதருக்குச் செய்யவில்லை. அறிவு இல்லாமல் அல்ல.

காஸுக்கு மாறுங்கள் என்று சொல்வது எளிது. 2022இல் ஒரு சிலிண்டர் 4,800 ரூபாயைத் தாண்டியபோது, மாறியவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். ஆகவே விறகு இருக்கும் என்று வைத்துக்கொண்டே யோசிப்போம். விறகைப் பிளந்து, கூரை நிழலில் காயவைத்து எரித்தால் புகை வெகுவாகக் குறையும். அனகி என்ற இரட்டைக் களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்கும் புகைக்கூடு தேவை. தீ மூட்டப் பொலித்தீன் பையைப் போடும் பழக்கம் முகாம்களில் கூடியிருக்கிறது. அந்தப் புகை விறகுப் புகையிலும் கொடியது. தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் சமைக்காமல், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வெளியே ஒரு கூரை போட்டு அடுப்பு வைக்கலாம். பாட்டிக்கும் குழந்தைக்கும் சூடு வேண்டுமென்றால், விறகு புகைந்து அடங்கித் தணல் ஆனபின், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்போரம் இருத்துங்கள். தணலை மூடிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

புதிய வீட்டின் வரைபடத்தைக் காட்டும்போது அடுப்பின் இடத்தைக் கேளுங்கள். சமையலறை படுக்கையறையோடு ஒட்டாமல் இருக்கவேண்டும். ஒன்றுக்கொன்று எதிரே இரண்டு சன்னல்களாவது வேண்டும். புகைக்கூடு வரைபடத்தில் இல்லையென்றால், சுவர் எழும்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு உடைத்துப் பொருத்துவதற்கு இருமடங்கு செலவாகும். அதன் வாய் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்ந்து நிற்கவேண்டும். அதைவிடக் குறைந்தால், மலைக்காற்று திரும்பி அடிக்கும்போது புகை மீண்டும் வீட்டுக்குள்ளேயே இறங்கும்.