சில்லுக்குள் ஒரு சீப்பு!

பேருந்தில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா? ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? எல்லோரும் முன்பக்கம் சாய்வோம். வண்டி நின்றாலும் நம் உடம்பு நிற்க மறுக்கிறது. இதைத்தான் 'நிலைமம்' என்று அறிவியல் புத்தகத்தில் படிக்கிறீர்கள். (நான் இந்தப் பாடம் நடத்தும்போது, தினமும் பேருந்தில் நின்று வரும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் புரியும்!)

காரில் இருக்கும் காற்றுப்பைக்கும் இந்தச் சாய்வுதான் சைகை. கார் பலமாக மோதினால், கண் இமைப்பதற்குள் பை விரிய வேண்டும். ஆனால், சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறினால் விரியவே கூடாது. சும்மா விரிந்தால் ஓட்டுபவர் முகத்தில் அறைந்து, அதுவே விபத்தாகிவிடும்!

மோதலா, பள்ளமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

1980களில் அமெரிக்கக் கார்களில் ஓர் இரும்புக் குண்டு இந்த வேலையைச் செய்தது. சிறு குழாய்க்குள் குண்டைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். மோதினால், குண்டு காந்தத்தை விட்டு ஓடி, மறுமுனையில் மின்சுற்றை இணைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் குண்டுக்கு 'ஆம்', 'இல்லை' இரண்டு மட்டுமே தெரியும். மோதல் எவ்வளவு பலமானது என்று சொல்லத் தெரியாது.

அளந்து சொல்லும் கருவிக்கு 'முடுக்கமானி' என்று பெயர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லின் ராய்லன்ஸ், ஜேம்ஸ் ஏஞ்சல் இருவரும், கணிப்பொறிச் சில்லு செய்யும் முறையிலேயே சிலிக்கானில் ஒரு முடுக்கமானியைச் செய்து, 1979இல் வெளியிட்டார்கள். நீளம் 3 மில்லிமீட்டர். ஐம்பது சேர்ந்தால்தான் ஒரு கிராம் எடை!

பிறகு 1990களின் தொடக்கத்தில், அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் காற்றுப்பைக்காகவே ஒரு சில்லைக் கொண்டுவந்தது. பெயர் ஏ.டி.எக்ஸ்.எல். 50. உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? சீப்பு!

இரண்டு சீப்புகளை எதிரெதிரே பிடித்து, ஒன்றின் பற்களை மற்றதன் பற்களுக்கு நடுவே, தொடாமல் நுழைத்துப் பாருங்கள். சில்லுக்குள்ளும் அப்படித்தான். ஒரு சீப்பு அசையாது. மற்றது மெல்லிய சிலிக்கான் இழைகளில் தொங்கும். கார் மோதியதும், தொங்கும் சீப்பு பேருந்துப் பயணியைப் போல முன்னே நகரும். பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறும். அந்த இடைவெளி, நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது! இடைவெளி மாறினால், பற்களில் தேங்கும் மின்னூட்டமும் மாறும். எவ்வளவு மாறியது என்பதைப் பக்கத்திலேயே உள்ள மின்சுற்று அளந்து சொல்லும். அதை வைத்து, காரில் உள்ள குட்டிக் கணிப்பொறி முடிவெடுக்கும்.

செல்போனைச் சாய்த்தால் படமும் திரும்புகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சில்லின் வேலைதான். அங்கே சீப்பை இழுப்பது புவியீர்ப்பு.

சரி, பல வருடம் மோதலே நடக்காத காரில், சீப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கிளப்பும்போது, மின்விசையால் சீப்பை லேசாக இழுத்துப் பார்க்கலாம். சரியாக நகர்ந்தால், வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் நீங்கள் சொல்வீர்களே, "உள்ளேன் ஐயா!" அதே மாதிரிதான். பதில் வராவிட்டால், ஓட்டுநருக்கு எதிரே காற்றுப்பை விளக்கு அணையாமல் எரியும்.