அப்பாவோட துப்பாக்கியை ஆன்லைன்ல விற்கலாமா? 45 நாள் கணக்கும் வரிக் கணக்கும்



போன வருஷம் காலேஜ் ஜூனியர் ஒருத்தர் போன் பண்ணினார். சென்னையில ஐடி வேலை, சொந்த ஊர் தேனி பக்கம்.

"அண்ணா, ஒரு சின்ன டவுட். அப்பா தோட்டத்துக்குன்னு வச்சிருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்ல சும்மா கிடக்கு. ஆன்லைன்ல போட்டா என்ன விலை போகும்? டேக்ஸ் கட்டணுமா?"

"அப்பா தவறி எவ்வளவு நாள் ஆச்சு?"

"எட்டு மாசம்ணா."

"துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?"

"பரண் மேல. போட்டோ எடுத்து வச்சிட்டேன், இன்னிக்கு நைட் போடலாம்னு இருக்கேன்."

"முதல்ல அந்த போட்டோவை எங்கயும் போடாத"ன்னு சொன்னேன். ஏன்னு இந்தப் பதிவுல பார்ப்போம். பழைய பைக், பழைய லேப்டாப் விற்கிற பழக்கத்துல நம்மில் யாருக்கு வேணாலும் வரக்கூடிய தப்பு இது.

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்ல

ஆயுதச் சட்டம், 1959-ன்படி துப்பாக்கி வச்சிருக்க லைசென்ஸ் வேணும். அது அப்பா பேர்ல இருந்தா அவருக்கு மட்டும்தான் செல்லும். அவர் இறந்த பிறகு அம்மாவோ பிள்ளையோ அதை வீட்ல வச்சிருக்க அந்த லைசென்ஸ் உதவாது. தேவையில்லாத தாமதம் இல்லாம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும்னு அதே சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லுது.

ஒப்படைக்காம வச்சிருந்தா? 2019-ல வந்த திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாம சாதாரண துப்பாக்கி வச்சிருந்தாலே 2 முதல் 5 வருஷம் வரை சிறை, கூடவே அபராதம். சட்டத்தை மீறி விற்றா குறைந்தபட்சமே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

நம்ம தம்பியோட துப்பாக்கிக்குக் கடைசியில கிடைச்ச விலை, ஒரு சுமாரான போன் விலை கூட இல்ல. அதுக்காக எவ்வளவு பெரிய ரிஸ்க்! வேலை மாறும்போது பேக்ரவுண்ட் செக், பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் இருக்கே, யோசிச்சுப் பாருங்க.

அப்ப ஆன்லைன்ல விற்கவே முடியாதா?

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டுமே தனிநபர்கள் துப்பாக்கி விற்பதை 2016-லேயே தடை பண்ணிட்டாங்க. தளத்தோட விதியை விடுங்க. பணம் வாங்கிட்டு கூரியர்ல அனுப்பற மாதிரி விற்பனையே நம்ம சட்டத்துல இல்ல. ஆனா ஒரு தனிநபர் தன் சொந்தத் துப்பாக்கியை இன்னொரு தனிநபருக்கு விற்க வழி இருக்கு. டீலர் லைசென்ஸ் தேவையில்லை. 5-வது பிரிவு வைக்கிற நிபந்தனைகள் மூணு:

1. வாங்கறவர் சட்டப்படி அதை வச்சிருக்கத் தகுதி உள்ளவரா இருக்கணும். அதாவது அவர்கிட்ட செல்லுபடியாகிற லைசென்ஸ் இருக்கணும், அதுல அந்த வகைத் துப்பாக்கிக்கு அனுமதி இருக்கணும்.

2. விற்கப்போறதை முன்கூட்டியே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது நம்ம ஊர்ல கலெக்டருக்கு, இல்லேன்னா பக்கத்து ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கு எழுத்துல தெரிவிக்கணும். வாங்கறவர் பேரும் முகவரியும் அதுல இருக்கணும்.

3. தெரிவிச்ச பிறகு குறைந்தது 45 நாள் காத்திருக்கணும். அதுக்கப்புறம்தான் கைமாற்றலாம்.

"யார் வேணாலும் வாங்கலாம்"னு விளம்பரம் போட்டா இது எதுவும் நடக்காது. வாங்கறவர் யார்னு தெரிஞ்ச பிறகுதான் அந்த 45 நாளே ஓட ஆரம்பிக்கும்.

வாரிசா இருந்தா என்ன வரிசை?

முதல் வேலை ஒப்படைப்பு. லைசென்ஸ் புத்தகத்தோட, மிச்சம் இருக்கிற தோட்டாக்களையும் சேர்த்துக் கொடுங்க. தோட்டாவுக்கும் இதே சட்டம்தான், குப்பையில போடற வேலை வேண்டாம். துப்பாக்கி நம்பர், தயாரிப்பு, குழல் அளவு எழுதின ரசீது கண்டிப்பா வாங்குங்க. கையில தூக்கிட்டு பஸ் ஏறாதீங்க. முதல்ல ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க, எப்படிக் கொண்டு வரணும்னு அவங்களே சொல்லுவாங்க.

அடுத்தது முடிவு. ரெண்டு வழி இருக்கு. உங்களுக்கு வேணும்னா வாரிசு அடிப்படையில உங்க பேர்ல லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒருத்தர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வச்சிருக்கலாம், வாரிசா வந்ததும் அந்தக் கணக்குல சேரும். வேண்டாம்னா, ஒப்படைச்ச நிலையிலேயே தகுதி உள்ள ஒருத்தருக்கு விற்று அந்தப் பணத்தை வாங்கிக்கற உரிமை சட்டப்படி வாரிசுக்கு இருக்கு.

மூணாவது, பேப்பர். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுகளோட ஆட்சேபணை இல்லைங்கற கடிதம். அண்ணன் தம்பி சண்டைக்கு இடம் வைக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை: ஒப்படைச்சிட்டு மறந்துடாதீங்க. விதியில சொன்ன கெடுவுக்குள்ள திரும்ப வாங்கவோ விற்கவோ இல்லேன்னா அது அரசுக்குப் போயிடும். ஒப்படைக்கும்போதே கெடு எப்பன்னு கேட்டு போன்ல ரிமைண்டர் வச்சிடுங்க.

லைசென்ஸ் உங்க பேர்லயே இருந்தா இந்த ஒப்படைப்பு வேலை இல்ல. நேரா அந்த 3 நிபந்தனைக்குப் போகலாம். விற்ற பிறகு உங்க லைசென்ஸ்ல இருந்து அந்தத் துப்பாக்கியை நீக்கிப் பதிவு பண்ண மறக்காதீங்க. நாளைக்கு அது எங்கயாவது பிடிபட்டா, பதிவுல உங்க பேர் இருக்கக் கூடாது.

சரி, வரி?

அப்பாகிட்ட இருந்து வாரிசா வந்ததுக்கு வருமான வரி கிடையாது. விற்கும்போது, அது சொந்தப் பயன்பாட்டுக்கான அசையும் பொருள்னு காட்ட முடிஞ்சா மூலதன ஆதாய வரியும் வராது. ஆனா நிஜமாவே பயன்பாட்டுல இருந்திருக்கணும். சேகரிப்பா, முதலீடா வச்சிருந்தா அந்த வாதம் பலவீனம்.

அப்படி வரிக்குள்ள வந்தா, அப்பா வச்சிருந்த காலமும் உங்க கணக்குல சேரும். மொத்தம் 24 மாசம் தாண்டினா நீண்டகால ஆதாயம், 12.5% வரி. அப்பா 1-4-2001-க்கு முன்னாடி வாங்கியிருந்தா, அந்தத் தேதியோட சந்தை மதிப்பையே அடக்கவிலையா எடுத்துக்கலாம். உள்ளூர்ப் பழைய துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தேவைப்படாது. லட்சக்கணக்குல போற பழைய வெளிநாட்டுத் துப்பாக்கின்னா ஆடிட்டரைப் பாருங்க.

பணத்தை பேங்க் வழியா மட்டும் வாங்குங்க. ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

தம்பி என்ன பண்ணினார்?

அந்த வாரமே லீவு போட்டு ஊருக்குப் போனார். "எட்டு மாசமா என்னப்பா பண்ணினீங்க?"ன்னு ஸ்டேஷன்ல நல்லா திட்டு. தானா வந்து ஒப்படைச்சதால விளக்கக் கடிதம் எழுதி வாங்கிட்டு ரசீது கொடுத்தாங்க. எல்லாருக்கும் இப்படியே முடியும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வச்சிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் வாங்க முன்வந்தார். கடிதம், 45 நாள், அப்புறம் கைமாற்றம். பணம் அம்மா அக்கவுண்ட்டுக்குப் போச்சு.

உங்க வீட்லயோ தாத்தா வீட்லயோ இப்படி ஒண்ணு இருக்கான்னு இந்த வார இறுதியில ஒரு போன் பண்ணிக் கேளுங்க. இருந்தா, லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு, எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க. விலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

இதே விஷயத்தை நம்ம சேனல்ல வீடியோவாவும் போட்டிருக்கேன். தோட்டம், காடு இருக்கிற நண்பர்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!