பழைய வண்டி வாங்கும் முன் கியர்பாக்ஸைக் கவனியுங்கள்

 

முன்பு ஸ்டேஷன் வேகன் என்று சொல்லப்பட்ட வகை வண்டிகளின் இடத்தை இன்று எர்டிகா, இன்னோவா, டவேரா, ஈகோ போன்ற ஏழெட்டுப் பேர் அமரும் வண்டிகள் பிடித்துவிட்டன. திருமணம், மருத்துவமனை, ஊர்ப்பயணம் என்று குடும்பம் முழுவதும் ஒன்றாகப் போக வசதி என்பதால் நம் காசிமேடு, ராயபுரம் பகுதியிலும் பலர் இவற்றைப் பழைய வண்டியாக வாங்குகிறார்கள்.

வாங்குவோர் பெரும்பாலும் பெயின்ட், சீட், ஏசி, டயர் ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். கியர்பாக்ஸ் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அது பழுதானால் வண்டியிலிருந்து இறக்கித்தான் பார்க்க வேண்டும், செலவும் பெரிது. ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் பெரிது. சேமிப்பு முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிட்ட குடும்பத்திற்கு, அந்தச் செலவுதான் வட்டிக் கடனின் வாசலைத் திறந்து விடுகிறது. அரை நாளும் நம்பகமான மெக்கானிக்கின் கூலியும் செலவழித்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எந்த வண்டியில் எந்த கியர்பாக்ஸ்?

2005-இல் வந்த பழைய இன்னோவா, 2010-இல் வந்த ஈகோ, டவேரா ஆகியவை பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். இவற்றில் கியர்பாக்ஸோடு நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்டையும் பின் ஆக்ஸிலையும் பார்க்க வேண்டும். 2012-இல் வந்த எர்டிகா முன்சக்கரம் இழுப்பது. அதில் 2015-இல் 4 கியர் ஆட்டோமேட்டிக்கும், 2022-இல் 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்தன. டவேராவை விற்ற நிறுவனம் 2017 இறுதியோடு இந்திய விற்பனையை நிறுத்திக்கொண்டது. எனவே அதை வாங்குவோர் உதிரிபாகம் கிடைக்குமா என்று புதுப்பேட்டையில் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

நம் சாலைகள் செய்யும் வேலை

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்திற்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்த வரிசையில் பாதி கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகரும் வண்டியின் கிளட்ச் பிளேட் விரைவில் தேயும். மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் இருப்பதால் மட்டும் தேய்மானம் குறைவு என்று எண்ண வேண்டாம். மீன்பெட்டி ஏற்றிய வண்டி என்றால், பனிக்கட்டி உருகிய உப்பு நீர் தரைத்தகட்டையும் அடியிலுள்ள இணைப்புகளையும் அரித்திருக்கும். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. கியர்பாக்ஸின் மேல் சிறிய காற்றுத்துளை ஒன்று உண்டு. சூடான கியர்பாக்ஸ் நீரில் நின்று குளிரும்போது அந்த வழியே நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். நீர் கலந்த ஆயில் பால்போல் வெளுத்திருக்கும். அதே ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் பற்களும் துருப்பிடிக்கும். கேடு பல மாதம் கழித்தே வெளியே தெரியும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நீர்க்கறை தெரியலாம். சீட் தண்டவாளத்தில் துருவும், ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டலும், கார்பெட்டின் அடியில் ஈர வாடையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

1. நியூட்ரலில் கிளட்சை விட்டால் இரைச்சல், மிதித்தால் அமைதி என்றால் கியர்பாக்ஸ் பேரிங்கில் சந்தேகம். மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

2. மூன்றாவது கியரில் ஓடும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

3. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கரகரவென்றால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

4. முன்சக்கர வண்டியில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். டக்டக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

5. ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸிலும் டிரைவிலும் மாற்றிப் பாருங்கள். தாமதமாகப் பிடித்தாலோ, இடித்துப் பிடித்தாலோ எச்சரிக்கை. ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளே கேடு தொடங்கிவிட்டது.

முடிந்தால் விற்பவர் சம்மதத்தோடு கியர் ஆயில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மாவுபோல் மெல்லிய இரும்புத்துகள் வழக்கமானது. துண்டுகளாக வந்தால் வாங்க வேண்டாம்.

காகிதங்கள்

பரிவாஹன் தளத்தில் காப்பீடு, தகுதிச்சான்று, வண்டி மீதுள்ள கடன் ஆகியவற்றைப் பாருங்கள். வாடகைக்கு ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாற்றிய வண்டியா என்று கேளுங்கள். சர்வீஸ் ரசீதுகளில் கியர் ஆயில் மாற்றிய குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். கடன் முடிந்திருந்தால் படிவம் 35-உம் வேண்டும். ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

முதல் வேலையாக கியர் ஆயிலை மாற்றுங்கள். கையேட்டில் சொல்லப்பட்ட ரகத்தையே ஊற்றுங்கள்; ஆட்டோமேட்டிக்கில் ரகம் மாறினால் கியர்பாக்ஸே பாழாகும். "இந்த ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். நெரிசலும் வெயிலும் மிகுந்த ஓட்டத்திற்குக் கையேட்டில் குறுகிய கெடு தனியாகத் தரப்பட்டிருந்தால், அதுவே நமக்குரிய கெடு. கிளட்ச் மீது கால் வைத்தபடி ஓட்டாதீர்கள். மேம்பால ஏற்றத்தில் கிளட்சால் வண்டியைத் தாங்கி நிறுத்தாமல் கைப்பிரேக் போடுங்கள். வண்டி முழுவதும் நிற்காமல் ரிவர்ஸ் போடாதீர்கள். தெருவில் நீர் ஏறி வண்டி நின்றால் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் சென்று ஆயில்களை மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுக்கக் கூடாது. அவற்றைத் தூக்கித்தான் கொண்டு செல்ல வேண்டும்.

விற்பவர்களுக்கு ஒரு சொல்

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வெள்ளத்தில் நின்ற கியர்பாக்ஸும் உள்ளே ஈரமான குவியல்தான். தெரிந்த குறையைச் சொல்லி விற்பது விற்பவரின் கடமை. மறைத்து விற்ற குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு ஃபிக்ஹ் சட்டம் தருகிறது. குறையைச் சொன்னால் விலையில் சில ஆயிரம் குறையலாம். ஆனால் நம்மில் ஒரு குடும்பம் கடனில் விழாமல் தப்பும்.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விலை பேசுவது வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு இருக்கட்டும். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக!