எழுதும் தாளின் பெயர்கள்

ஓலை, ஏடு, மடல், இதழ், தாள், காகிதம், கடுதாசி ஆகியவை எழுதப் பயன்படும் பொருளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள். இவற்றுள் முதல் நான்கும் பனையோடு தொடர்புடையவை.

தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், வெளியே வயிரம் உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. இதன்படி பனையும் தென்னையும் புல் வகை. (இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரமாகவே கொள்கிறது.) புல்லின் உறுப்புகளாகத் தொல்காப்பியர் கூறுபவற்றில் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ் ஆகியவை உள்ளன. நாளேடு, மாத இதழ், மின்மடல் என்று இன்று நாம் எழுதுவதெல்லாம் இந்தப் பட்டியலிலிருந்து வந்தவையே. சுருட்டிய ஓலையைக் காதில் அணிந்ததால், தோடு மட்டும் நகையின் பெயராகிவிட்டது.

பொருள் மாறியும் பெயர் நிலைப்பது உண்டு. செம்புத் தகட்டில் எழுதியதைச் செப்பேடு என்றனர். அந்தத் தகடுகளும் ஓலையைப் போல நீளவாக்கில் அமைந்து, துளையிட்டு வளையத்தில் கோக்கப்பட்டவை.

புதுக்கோட்டை வட்டாரத்தில்

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் பகுதிக் கல்வெட்டுகளின் பாடங்களை 1929-இல் நூலாக வெளியிட்டது. நிலமும் பாடிகாவல் உரிமையும் விற்ற ஆவணங்கள் அதில் ஏராளம். படிக்கும் மாணவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இத்தகைய ஆவணம் முதலில் ஓலையில் எழுதப்படும், கல்லில் இருப்பது அதன் நகல். அதனால்தான் ஓலை, முறி, தீட்டு போன்ற சொற்கள் கல்வெட்டிலேயே வருகின்றன. முறி என்பதை 'முறிந்தது' என்று பொருள் கொண்டால் வாசகம் குழம்பிவிடும். அது எழுதிக் கொடுத்த சீட்டு. சம்மதித்து எழுதித் தரும் ஆவணத்துக்கு இசைவுத் தீட்டு என்று பெயர்.

இந்த இசைவு இன்னும் மறையவில்லை. அரிமளம், ராயவரம், கடியாபட்டி முதலிய ஊர்களின் நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரும் கையொப்பமிடும் ஆவணத்தை இசைகுடிமானம் என்பர்; இசைவு பிடிமானம் என்றும் சொல்வதுண்டு. மரபாக அது ஓலையில் எழுதப்பட்டது.

தாள், காகிதம், கடுதாசி

தாள் என்பது முதலில் காலடியையும், நெல் போன்றவற்றின் தண்டையும் குறித்த சொல். காகிதத்தைக் குறிப்பது பின்னர் ஏற்பட்ட பொருள்.

காகிதம் பாரசீகச் சொல்லான காகஸ் என்பதிலிருந்து வந்தது. தெலுங்கில் காகிதமு, கன்னடத்தில் காகத, மராத்தியில் காகத் என வழங்குவது இதுவே.

கடுதாசியின் பயணம் இன்னும் நீண்டது. 16-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் போர்த்துகீசியரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் கப்பலும் சரக்கும் பறிபோகும். அந்தச் சீட்டின் பெயர் கர்த்தாஸ். அது அரபியின் கிர்தாஸ் என்பதிலிருந்தும், அரபிச் சொல் கிரேக்கத்தின் கார்தேஸ் என்பதிலிருந்தும் வந்தவை. கிரேக்கர் அப்பெயரால் குறித்தது, எகிப்தின் நாணற் செடியில் செய்த பாப்பிரசுத் தாளை.

'காகிதம் வேற்றுச்சொல், தாள் என்றே எழுதுக' என்போர் பலர் கடுதாசியைக் கண்டுகொள்வதில்லை. சிற்றூர்ப் பேச்சில் ஊறிப்போனதால் அது தமிழாகவே தோன்றுகிறது. மலையாளத்தில் அது கடலாசு. அங்கே இன்றும் காகிதத்துக்கான அன்றாடப் பெயர் அதுதான். தமிழில் அது பெரும்பாலும் கடிதத்தைக் குறிக்கும் சொல்லாக ஒதுங்கிவிட்டது.