காசநோயில் உணவும் சிகிச்சையே

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவமனையை 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கியபோது காசநோயைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. நல்ல காற்று, ஓய்வு, வயிறார உணவு என்பதுதான் வைத்தியம். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, மாத்திரைகளும் பின்தொடர்ந்தன, உணவு மெல்லப் பின்னுக்குப் போனது. மாத்திரைதான் நோயைக் குணமாக்குகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் உணவை வெறும் உபசாரமாகக் கருதுவது உயிரைப் பறிக்கிறது என்பதற்கு இன்று வலுவான சான்று இருக்கிறது.

சுவாசம் நுரையீரலோடு முடிவதில்லை

உணவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அறிய மூச்சிலிருந்து தொடங்க வேண்டும். நாம் இழுக்கும் மூச்சு ரத்தத்தில் கலந்து ஒவ்வொரு உயிரணுவுக்கும் போய்ச் சேர்கிறது. உண்மையான சுவாசம் அங்கேதான் நடக்கிறது. சோறோ இட்லியோ, செரித்தபின் பெரும்பகுதி குளுக்கோஸாகிறது. உயிரணு முதலில் அதை இரண்டாக உடைக்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, கிடைக்கும் ஆற்றலும் சொற்பம். உடைந்த துண்டுகள் உயிரணுவுக்குள் ஆற்றல் உலையாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் மேலும் சிதைந்து, கரியமில வாயு வெளியேறுகிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன, தண்ணீர் உண்டாகிறது. இந்தக் கைமாற்றத்தில் வரும் ஆற்றலால் ஒரு சவ்வின் மறுபக்கத்தில் புரோட்டான்கள் குவிகின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதியைச் சுழல வைக்கின்றன, அந்தச் சுழற்சியில், உயிரணு தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி. இந்த ஏடிபியை 1929இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து கண்டறிந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியே கண்டறிந்தார். ஏடிபியை உடல் சேர்த்து வைக்க முடியாது. நொடிக்கு நொடி செய்துகொண்டே இருக்க வேண்டும். உணவு வராவிட்டால் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து அதைச் செய்கிறது.

காசநோயில் இந்தக் கரைதல் வேகமெடுக்கிறது. காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், ஓய்வில் இருக்கும்போதே ஆற்றல் செலவு சுமார் 10 விழுக்காடு ஏறும். நோயை எதிர்க்கும் அணுக்களுக்கும் ஆற்றல் வேண்டும். பசியோ அடங்கிவிடுகிறது. மூச்சிழுக்கும் தசையும் இருமிச் சளியைத் துப்பும் தசையும் மெலிகின்றன. நன்றாகச் சாப்பிட்டால் கிருமியும் கொழுக்கும் என்று சில வீடுகளில் பத்தியம் வைப்பது ஆபத்தானது. காசநோய்க் கிருமி நம் உயிரணுவுக்குள் ஒளிந்து, அங்குள்ள கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தின்று வாழக்கூடியது. பட்டினியில் முதலில் வாடுவது நோயாளிதான்.

கிருமியின் சுவாசத்தை நிறுத்தும் மருந்து

அந்தக் கிருமிக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை. தன் சவ்விலேயே ஏடிபி சிந்தேஸை வைத்திருக்கிறது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் பெடாகுவிலின் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. உறங்கிக் கிடக்கும் கிருமிக்கும் உயிர் தரிக்க ஏடிபி வேண்டும் என்பதால் அதுவும் மாள்கிறது. மனித உயிரணுவின் நொதி இம்மருந்துக்கு அவ்வளவாக மசிவதில்லை. 2016இல் இந்தியா இதை முதலில் வழங்கத் தொடங்கிய ஆறு மையங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. இன்னொரு செய்தி இங்கே முக்கியம்: உணவோடு உட்கொண்டால் பெடாகுவிலின் உடலில் சேரும் அளவு ஏறக்குறைய இரு மடங்காகிறது. வெறும் வயிற்றில் விழுங்குபவருக்கு மருந்தும் பாதியாகக் குறைகிறது.

சென்னை ஆய்வு சொன்னதும் ஜார்க்கண்ட் ஆய்வு சொன்னதும்

உணவும் சிகிச்சையே என்பதற்கு வலுவான மறுப்பு சென்னையிலிருந்தே வந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் 1959இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வீட்டில் எளிய உணவோடு மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் நல்ல உணவோடு சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். அப்படியானால் உணவு எதற்கு? அந்த முடிவு மெய்யானதே. பல லட்சம் ஏழைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைக்க அது வழி திறந்தது. ஆனால் வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் நோய் குணமாகுமா என்பதே அதன் கேள்வி. எலும்பும் தோலுமாக வருபவர் முதல் சில வாரங்களைத் தாண்டுவாரா, உடன் வாழ்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா என்பவை வேறு கேள்விகள்.

அவற்றுக்கு 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு பதில் தந்தது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயின் கடுமை குறைந்தவருக்குத்தான் எடை கூடியது, உணவால் அல்ல என்று இதை மறுக்கலாம். அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் அதே ஆய்வில், நோயாளியோடு வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் உணவு கிடைத்த குடும்பங்களையும் நோயாளிக்கு மட்டும் கிடைத்த குடும்பங்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். அந்த மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது, எல்லோரும் உணவு பெற்ற குடும்பங்களில் 39 விழுக்காடு குறைந்தது. இதை அந்தச் சந்தேகம் தொடாது.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவுடனேயே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மிக மெலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 14க்கு மேல் போகாதவர் இதில் அடங்குவார். ஒன்றிய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவியை 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. அந்தப் பணம் சத்துமாவு டப்பாவிலோ டானிக்கிலோ கரைவதைவிட முட்டை, பருப்பு, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, நெத்திலி என்று போவது மேல். சர்க்கரை நோயும் உள்ளவருக்கு, இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் சாப்பிட்ட குளுக்கோஸ் தசைக்குள் நுழையாது. அவர் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தபடியே சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது என்றால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். அங்கே போகும்போது, முன்பிருந்த எடை நினைவிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.