ஆடு குட்டி எறிந்தால் பிள்ளைத்தாச்சி விலகி நிற்கட்டும்

மன்னார், பள்ளிமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு வளவில், போன மாரிக்குள் ஒரு மறியாடு நாளுக்கு முந்தியே குட்டி எறிந்தது. இரண்டு குட்டிகளும் செத்தே விழுந்தன. வீட்டுக்கார மாமி வெறுங்கையால் இளங்கொடியை இழுத்தெடுத்தார். பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது அவரது மருமகள், ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. "மாமி, கையைக் கழுவுங்க, நான் அள்ளிப் போடுறன்" என்று அவளே ஒரு சொப்பிங் பையை எடுத்தாள். விடிய எழும்பிப் பார்த்தால் பையை நாய் இழுத்துப்போய் ஒழுங்கை முழுக்கச் சிதறியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனாலும் அன்று அவள் நின்ற இடம் எவ்வளவு ஆபத்தான இடம் என்று அந்த வளவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஆடு எதனால் எறிந்தது என்பதும் தெரியாது, யாரும் சோதிக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

ஆடு குட்டி எறிவதற்குப் பல காரணங்கள் உண்டு. புருசெல்லா, கியூ காய்ச்சல் என்று மனிதருக்கும் தொற்றக்கூடியவை சில. அவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டியது கிளமிடியா அபோர்ட்டஸ் என்ற பக்டீரியா. செம்மறிகளில் இந்த நோயின் காரணியை 1950இல் ஸ்கொட்லாந்தில் ஸ்டாம்ப் என்ற கால்நடை ஆய்வாளரும் அவரது கூட்டாளிகளும் விவரித்தார்கள். இதன் தந்திரம் பொல்லாதது. புதிதாக வாங்கிவந்த ஆடு ஒன்று தொற்றைக் கொண்டுவரும். பட்டியில் மற்ற ஆடுகளுக்கு அது தொற்றும், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த சினையில், குட்டி போட இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக எறியத் தொடங்கும். தாயாடு தின்றுகுடித்துத் திடமாகவே நிற்கும். அதனால் "கண்ணூறு" என்று விட்டுவிடுகிறோம். கிருமி மிகுதியாக இளங்கொடியிலும் பனிக்குட நீரிலும் செத்த குட்டியிலும் இருக்கிறது.

இது மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம். ஆனால் பிள்ளைத்தாச்சிக்குத் தொற்றினால் நச்சுக்கொடியிலேயே போய்க் குடியிருக்கும். முதலில் சாதாரணக் காய்ச்சல், தலையிடி, பிறகு கரு கலைதல் அல்லது பிள்ளை வயிற்றிலேயே இறத்தல், தாயின் உயிருக்கே ஆபத்து. பிரித்தானியாவில் செம்மறிகள் குட்டி போடும் காலம் வந்தால் கர்ப்பிணிகள் பட்டிப் பக்கம் போகவேண்டாம் என்று அரசே ஆண்டுதோறும் அறிவிக்கிறது. நம் ஊரில் ஆட்டுக்கொட்டில் அடுப்படிக்குப் பின்னாலேயே இருக்கிறது.

வைத்தியருக்கும் இது எளிதில் பிடிபடாது. இந்தக் குடும்பத்துக் கிருமிகள் நம் உடலின் உயிரணுவுக்குள் புகுந்து, அதற்குள்தான் பெருகும். ஆய்வுகூடத்தில் வழக்கமான தட்டுகளில் வளராது. இரத்தத்தை வளர்த்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று வந்தால், ஒன்றுமில்லை என்று அர்த்தமாகாது. பி.சி.ஆர். போன்ற பரிசோதனை வேண்டும், அதைக் கேட்பதற்கு வைத்தியருக்கு ஒரு துப்பு வேண்டும். அந்தத் துப்பைக் கொடுக்க உங்களால் மட்டும்தான் முடியும். காய்ச்சலோடு கிளினிக்குப் போகும் பிள்ளைத்தாச்சி "எங்கட ஆடு குட்டி எறிஞ்சது, நான் கிட்ட நிண்டனான்" என்று கேட்காமலே சொல்லவேண்டும். மருத்துவ மாது வீட்டுக்கு வரும்போதும் சொல்லுங்கள். பார்மசியில் நாலு குளிசை வாங்கி விழுங்கிவிட்டுப் படுப்பது இதற்கு வைத்தியம் அல்ல.

இந்த வம்சம் இன்னும் பெரியது. 1986இல் அமெரிக்காவில் கலைந்த கன்று ஒன்றிலிருந்து வட்லியா என்ற உறவுக் கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. கருச்சிதைவு கண்ட பெண்களின் இரத்தத்தில் அதன் எதிர்ப்பொருள் கூடுதலாக இருப்பதாக 2007இல் சுவிஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை.

பட்டியில் செய்யவேண்டியது சிரமமானதல்ல. எறிந்த ஆட்டைத் தனியே கட்டுங்கள். கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, செத்த குட்டியையும் இளங்கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பசுவின் இளங்கொடியை ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நமக்கு உண்டு, ஆடு எறிந்த வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டாம். புதைக்குமுன் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தொற்றுநோய் என்று ஐயம் இருந்தால் அறிவிப்பது விலங்குகள் நோய்ச் சட்டப்படி வளர்ப்பவரின் கடமை, சோதித்துத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. பேராதனை கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது இதற்காகத்தான்.

பள்ளிமுனைக்குக் காவல் நிற்பவள் புனித லூசியா, கண்ணுக்குப் பாதுகாவலி. கிளமிடியாவை மனிதர் முதலில் கண்டதும் கண்ணில்தான். 1907இல் ஜாவாவில் கண்நோய் கண்டவர்களின் இமையைச் சுரண்டியெடுத்து ஹால்பர்ஸ்டேட்டர், புரொவாசெக் என்ற இருவர் நுண்காட்டியில் பார்த்தார்கள். ஆட்டுக் கிருமி அல்ல, கண்ணில் கண்ட அந்த இனம்தான் இன்று உலகில் மிகுதியாகப் பரவும் பால்வினைத் தொற்றுகளில் ஒன்று. 2020இல் மட்டும் ஏறத்தாழ 12 கோடி 90 இலட்சம் புதிய தொற்றுகள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இராது. கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளையில்லாமல் போகும்போது ஊர் அவளைத்தான் பேசும், கொண்டுவந்து தொற்றியவனை யாரும் கேட்பதில்லை. இந்த அநியாயம் எனக்கு ஆட்டுக்கொட்டில் ஆபத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

தாய்க்கு இந்தத் தொற்று இருந்தால் பிரசவத்தில் குழந்தையின் கண்ணுக்கும் தொற்றும். பிறந்து 5 முதல் 12 நாளில் கண் பொங்கிச் சீழ் கட்டும். தாய்ப்பால் விட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், கண் மருந்து மட்டும் போதவும் போதாது. நுரையீரலுக்கும் போகும் என்பதால் வாயால் கொடுக்கும் மருந்து வேண்டும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணி கிளினிக்கில் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். தாயிலிருந்து பிள்ளைக்கு அவை கடப்பதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கிளமிடியாப் பரிசோதனையை நாமே கேட்கவேண்டியிருக்கிறது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கடிதம் இல்லாமலே போகலாம், உங்கள் விபரம் வெளியே போகாது, தமிழில் விளக்கம் கேட்கலாம். குணப்படுத்த ஒரு கிழமை டொக்சிசைக்கிளின் போதும், கர்ப்பிணிக்கு அது ஆகாது, வேறு மருந்து கொடுப்பார்கள். கணவனும் கூடவே மருந்து எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் தொற்றக்கூடும். அவர் வர மறுத்தால் அங்குள்ள தாதியிடம் சொல்லுங்கள், எப்படி அழைப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.