கேமரா செயலிக்கு எந்தத் தளம்?

கேமராவையும் சென்சாரையும் நம்பி இயங்கும் செயலியை ஆண்ட்ராய்டில் உருவாக்குவதா, ஐபோனில் உருவாக்குவதா என்பதை முதலில் தீர்மானிப்பது, அந்த போன் யாருடையது என்பதுதான். மதுரை வட்டாரத்தில் இரு வகைத் தேவையும் உண்டு. நகரில் கண் பரிசோதனை, சுற்றுவட்டார வயல்களில் பயிர் நோய்.

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பாதிப்பைக் கணினியே கண்டறியும் கூகுள் ஆய்வு 2016-ல் வெளியானது. அதற்குப் படங்கள் தந்த மருத்துவமனைகளில் மதுரை அரவிந்தும் ஒன்று. அடுத்து, இந்த வேலை போனுக்கே வந்தது. பெங்களூரு ரெமிடியோ நிறுவனத்தின் விழித்திரைக் கருவி, மும்பை மாநகராட்சி மருந்தகங்களில் ஐபோன் 6-உடன் சோதிக்கப்பட்டது. இணையம் இல்லாமலே போன் முடிவு சொன்னது. கருவியோடு போனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் லென்ஸ், நிறம், வேகம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும். மருத்துவத்துக்கு அதுதான் முக்கியம். இப்படிப்பட்ட வேலைக்கு ஐபோன் சரியான தேர்வு. ஆனால் ஐபோன் செயலியை உருவாக்க மேக் கணினி தேவை, வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமும் உண்டு. கூகுள் பிளேயிலோ ஒரே முறை 25 டாலர் கட்டினால் போதும்.

வயலில் கதை வேறு. மேலூர் நெல் விவசாயியும் உசிலம்பட்டி மல்லிகை விவசாயியும் வைத்திருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்தான். பயிர் நோய் காட்டும் பிளான்டிக்ஸ் செயலி ஆண்ட்ராய்டில் தமிழிலேயே கிடைக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு என்பது ஒரே கேமரா அல்ல. 2014-ல் ஆண்ட்ராய்டு 5 கொண்டுவந்த கேமரா2 வசதி, போன்களை லெகசி, லிமிடெட், ஃபுல் எனத் தரம் பிரிக்கிறது. லெகசி போனில் ஒளியளவைச் செயலியே நேரடியாக நிர்ணயிக்க முடியாது. இரும்புச்சத்து குறைந்த மல்லிகை இலையில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளிறும். உச்சி வெயிலில் போன் தானே நிறத்தைச் சரிசெய்யப் போனால் அந்த வித்தியாசம் மங்கிவிடும். அதனால் நிறத்தை ஒப்பிட வெள்ளைத் தாளை இலையருகே வைத்துப் படமெடுக்கச் சொல்வது நல்ல வழி.

சென்சாரிலும் இதே சிக்கல். விலை குறைந்த பல போன்களில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் இருக்காது. ஆனால் அசைவை அளக்கும் முடுக்கமானி இல்லாத போன் அரிது. எனவே முடுக்கமானி ஒன்றை வைத்தே வேலை நடக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், விநாடிக்கு 200 அளவீடுகளுக்கு மேல் எடுக்கத் தனி அனுமதியும் தேவை.

விவசாயிக்காகச் செயலி செய்பவர்கள், அவர் கையில் இருக்கும் மலிவு போனை வாங்கி, வெயிலில் வரப்பில் நின்று சோதித்த பிறகே வெளியிட வேண்டும்.